குவளை வார்த்தவனைத் தேடியவள்

கடல் இப்போது இருப்பதைவிடப் பெரியதாகவும், மரக்கலங்கள் இப்போது இருப்பதைவிடச் சிறியவையாகவும் இருந்த காலம் ஒன்று உண்டு. அந்தக் காலத்துக் கதை இது. கேட்கிறவர்கள் பக்கத்தில் வந்து உட்காருங்கள். சிரிக்க வைக்கும் கதை அல்ல, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வெண்மணல்துறை என்று ஒரு துறைமுகம். அங்கே அரியநாச்சி என்று ஒருத்தி இருந்தாள். அவளுக்கு ஒரு மரக்கலம், ஒரு மகன். கணவனைக் கடல் எப்போதோ வாங்கிக்கொண்டது.

அந்தத் துறையில் ஒரு வழக்கம். கலம் புறப்படும் நாளில், கலத்துக்கு உரியவர் ஒவ்வொரு மாலுமிக்கும் ஓர் உலோகக் குவளை தர வேண்டும். அடியில் அவன் பெயரைக் கீறித் தர வேண்டும். பயணம் முழுவதும் அவன் அதில்தான் குடிப்பான். நடுக்கடலில் இறந்தால் உடலைக் கடலில் விடுவார்கள், குவளையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். மண் குவளை உடையும், சிரட்டை மட்கும். அதனால்தான் உலோகம்.

ஒரு வருடம் அவளுடைய கலம் திரும்பியபோது ஐந்து குவளைகள் ஆளில்லாமல் வந்தன. ஐந்து பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பச்சையாக வாந்தி எடுத்துச் செத்தார்கள் என்றார்கள். கடலுக்குக் கோபம் என்றது ஊர். அரியநாச்சி குவளையின் உட்புறத்தை நகத்தால் சுரண்டினாள். நகத்தில் பச்சைக் களிம்பு ஏறியது. மாலுமிகள் குடிப்பது புளித்த நீராகாரம். புளிப்புப் பட்டுக் குவளை நஞ்சைக் கக்கியிருக்கிறது என்று அவளுக்கு விளங்கியது.

அந்தக் குவளைகள் சந்தையில் வாங்கியவை. விற்றவன் இன்னொருவனிடம் வாங்கினானாம். அந்த இன்னொருவன் எங்கே போனான் என்று யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த பயணத்துக்குக் கலத்தின் தலைவன் அவளுடைய மகன் கடம்பன். காற்று திரும்ப இரண்டு மாதம் இருந்தது. "இந்தத் தடவை வார்க்கிறவன் கையிலிருந்தே வாங்குவேன். நடுவில் ஒருவன் கூடாது" என்று அவள் கிளம்பினாள்.

"ஆச்சி குவளைக்குப் பேய் ஓட்டப் போகிறாள்" என்று துறையில் வலை உலர்த்துகிறவர்கள் சிரித்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வார்க்கிறவனை எப்படி அடையாளம் காண்பது? அதற்கு ஒரு வழி யோசித்து வைத்திருந்தாள். அவன் காட்டும் குவளையில் நீராகாரத்தை ஊற்றி ஓர் இரவு வைப்பது. விடிந்ததும் அவனையே குடிக்கச் சொல்வது. தான் செய்ததை நம்புகிறவன் குடிப்பான், மற்றவன் குடிக்கமாட்டான்.

முதல் ஊரில் ஒருவன், "நானே வார்க்கிறேன்" என்றான். காலையில் குவளையை நீட்டினாள். "இன்று எனக்கு விரதம்" என்றான். அவள் நடந்தாள்.

இரண்டாம் ஊரில் ஒருவன், "என் பாட்டன் காலத்திலிருந்து நாங்களே வார்க்கிறோம்" என்றான். காலையில் குவளையை நீட்டினாள். உதட்டில் வைத்தான். இருமல் வந்துவிட்டது என்று துப்பினான். அவள் நடந்தாள்.

மூன்றாம் ஊரில் வளவன் என்று ஒருவன். அவன் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. "என் உலைதான்" என்று பின்பக்கம் கையைக் காட்டினான். அங்கே புகை தெரிந்தது. காலையில் குவளையை நீட்டினாள். ஒரே மூச்சில் குடித்து மீசையைத் துடைத்துக்கொண்டான்.

"நான் பெற்ற பிள்ளை என்னையே கொல்லுமா ஆச்சி?" என்றான்.

அரியநாச்சிக்குக் கண் நிறைந்தது. நாற்பது குவளைகள் கேட்டாள். மினுங்கும் நிறத்தில், நாற்பதும் ஒன்றுபோல் வந்தன.

கடம்பன் கேலி செய்தான். "குவளை வாங்கப் போனாயா, எனக்குப் பெண் பார்க்கப் போனாயா? இரண்டு மாதம் ஆக்கிவிட்டாய்."

"பெண் என்றால் ஒரு நாளில் பார்த்திருப்பேன். இது உன் உயிர்."

"சரி, சரி. என் பெயரைக் கோணலாகக் கீறியிருக்கிறாய், அம்மா."

"நாற்பது பெயர் கீறினேன். பேசாமல் போ."

காற்று திரும்பியது. கலம் போயிற்று.

ஒரு மாலுமி காய்ச்சலால் ஏறவில்லை. அவனுடைய குவளை அரியநாச்சி வீட்டிலேயே தங்கிவிட்டது. அதில் நீராகாரம் ஊற்றிக் குடிக்க எடுத்தவளை யாரோ கூப்பிட்டார்கள். வைத்தாள், மறந்தாள். மூன்றாம் நாள் அது கண்ணில் பட்டது.

உள்ளே சுற்றிவரப் பச்சை.

அவள் அலறவில்லை. குவளையைத் துணியில் முடிந்துகொண்டு முதலில் கரைக்கு ஓடினாள். "கலம் ஏழு நாள் காற்றில் முன்னால் போய்விட்டது, ஆச்சி. எங்கள் படகு எதை எட்டும்?" என்றார்கள் மீன்பிடிக்கிறவர்கள். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

பிறகு வளவனிடம் போனாள். பின்பக்கம் போய்ப் பார்த்தாள். அந்தப் புகை நெல் அவிக்கும் புகை.

"செய்கிறவன் என்று சொன்னால்தான் வாங்குகிறார்கள். நான் என்ன செய்ய?" என்றான் அவன்.

"பிறகு ஏன் குடித்தாய்?"

"ஒரு வாய்தானே. அதில் என்ன இருக்கும் என்று எனக்கு என்ன தெரியும், ஆச்சி?"

அவன் பொய் சொன்னது ஒரே ஓர் இடத்தில்தான். குடித்ததில் பொய் இல்லை. அறியாதவனுக்கு அச்சம் இல்லை, அவ்வளவுதான். குவளையைச் சோதிக்க வேண்டியவள் மனிதனைச் சோதித்துவிட்டாள். ஓர் இரவில் ஊறாத நஞ்சு மூன்று இரவில் ஊறும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்தவனைத்தான் அவள் இன்னும் பார்க்கவே இல்லையே.

வளவன் யாரிடம் வாங்கினான் என்று கேட்டு, அந்த ஆளிடம் போனாள். அவன் யாரிடம் என்று கேட்டு, அங்கேயும் போனாள். கடைசியில் ஆற்றோரம் ஒரு தனிக் கொட்டகை. உள்ளே பூதன் என்ற கிழவர் களிமண் அச்சைத் தட்டிக்கொண்டிருந்தார். முன்கை முழுதும் பழைய தீத்தழும்பு.

அவள் பழக்கமாகிவிட்ட அதே காரியத்தைச் செய்தாள். குவளையில் நீராகாரத்தை ஊற்றி, "குடியுங்கள், ஐயா" என்று நீட்டினாள்.

பூதன் வாங்கினார். முகர்ந்தார். வாசலுக்கு வெளியே மண்ணில் கொட்டினார்.

"இதில் போய் இதை ஊற்றுவார்களா, தாயே? இது சந்தனக் கிண்ணம். செம்பு தூக்கலாகப் போட்டது, கல்யாண வீட்டில் பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று. புளிப்புப் பட்டால் இது விஷம். குடிக்க ஆகாது என்று ஒவ்வொரு சுமைக்கும் சொல்லித்தானே அனுப்புகிறேன்."

அவர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அந்தச் சொல் நடுவில் ஏதோ ஒரு கையில் விழுந்துவிட்டது. கிண்ணம் மட்டும் விழாமல் வந்து சேர்ந்தது.

அரியநாச்சி தரையில் உட்கார்ந்தாள். "என் பிள்ளை இதில் குடித்துக்கொண்டிருக்கிறான், ஐயா. அவனோடு முப்பத்தெட்டுப் பேர்."

கிழவர் அச்சைக் கீழே வைத்தார்.

"கடலில் குடிக்க என்று எனக்குத் தெரிந்திருந்தால் உள்ளே வெள்ளீயம் பூசியிருப்பேன், புளிப்பு செம்பைத் தொட்டிருக்காது."

"அதற்கு எத்தனை நாள் ஆகும்?"

அவர் சொல்ல விரும்பவில்லை. அவள் மறுபடி கேட்டாள்.

"எல்லாவற்றுக்கும் ஒரு பகல் போதும், தாயே."

ஒரு பகல். இரண்டு மாதம் நடந்தவளுக்கு ஒரு பகல் போதுமாயிருந்தது. அவள் வாயில் சேலைத் தலைப்பை வைத்து அழுத்திக்கொண்டாள்.

பிறகு பூதன் கேட்கத் தொடங்கினார். எதை ஊற்றுவார்கள், எவ்வளவு புளிப்பு, ஒரு நாளைக்கு எத்தனை முறை, உப்புக் காற்று படுமா, மணல் போட்டுத் தேய்ப்பார்களா. இத்தனை ஊர் அலைந்தாள், இத்தனை பேரிடம் பேசினாள். இவற்றில் ஒன்றைக்கூட ஒருவரும் அவளைக் கேட்டதில்லை. எல்லாரும் மினுக்கைத்தான் காட்டினார்கள். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள்.

"சரி. நல்லதாகச் செய்து தருகிறேன், பணம் வேண்டாம்" என்றார் பூதன். "எத்தனை வேண்டும்?"

எத்தனை பேர் திரும்பி வருவார்கள் என்று தெரிந்தால் அல்லவா எண்ணிக்கை சொல்வது? அவள் ஆற்றின் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கிழவரும் இரண்டாம் முறை கேட்கவில்லை. உலைக்குக் கரி போட்டார்.

கேட்டவர்களே, கலம் திரும்பியதா என்று என்னைக் கேட்காதீர்கள். இந்தக் கதையை எனக்குச் சொன்னவர்களும் அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டார்கள். நீதியை மட்டும் சொல்லிவிட்டு நானும் எழுந்திருக்கிறேன்.

ஒரு பொருளின் பெருமையை மட்டும் சொல்கிறவன் அதை விற்கிறவன். அது எதற்கு ஆகாது என்று சொல்லத் தெரிந்தவனே அதைச் செய்தவன்.