சமாதி மரத்துச் சருகுகள்

“அம்மா, மரம் செத்துக்கிட்டிருக்கு. நான் என்ன பாவம் செஞ்சேன், சொல்லுங்க.”

கேட்டவர் நடேசலிங்கம், கொடைக்கானல் மேல்மலையில் உள்ள ஒரு மடத்தின் மூத்த சீடர். பிடிவாதத்துக்குப் பேர்போனவர். அன்று அவர் குரல் உடைந்திருந்தது.

குரு மறைந்தபின் மடத்தை ஏற்றவர் குழந்தையம்மாள். நடேசலிங்கத்தைவிட வயதில் இளையவர்; ஆனாலும் அவருக்கும் ‘அம்மா’தான்.

குருவின் சமாதியருகே நிற்கும் ஆப்பிள் மரம் குருவே தம் கையால் நட்டது. அதன் இலையெல்லாம் இப்போது கரும்புள்ளி. பிஞ்சுகள் வெடித்து விழுந்தன. அந்த மரமும் போய்விட்டால், குருவென்று கும்பிட நடேசலிங்கத்துக்கு உயிருள்ளது எதுவும் மிஞ்சாது.

“மருந்து அடிச்சீங்களா?”

“மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிச்சேன். விளக்கு வெச்சேன். அழுதும் பாத்துட்டேன்.”

அம்மாள் மரத்தடிக்கு நடந்தார். அங்கே முழங்கால் உயரத்துக்குச் சருகு குவிந்திருந்தது.

“யார் குவிச்சது?”

“நான்தான். குரு வெச்ச மரத்து இலை. ஒண்ணுகூட வெளியே போகக்கூடாதுன்னு வருஷா வருஷம் கூட்டி இங்கேயே சேர்க்கிறேன். வர்றவங்க தொட்டுக் கும்பிடுறாங்க.”

சொல்லும்போது கொஞ்சம் பெருமைகூட எட்டிப் பார்த்தது, பாவம்.

அம்மாள் ஒரு பழைய சருகை எடுத்தார். தாழ்ந்த கிளையில் ஒரு புது இலையைப் பறித்தார். இரண்டையும் நடேசலிங்கத்தின் உள்ளங்கையில் வைத்தார்.

இரண்டிலும் அதே கரும்புள்ளி.

“நோய் இந்தச் சருகுலதான் உயிரோட கிடக்கு. மழை பெஞ்சா மேல ஏறிடுது,” என்றார்.

நடேசலிங்கம் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்ன செய்யணும்?”

“தள்ளிக் கொண்டுபோய்க் குழி வெட்டிப் புதைக்கணும்.”

“மாட்டேன். அவரையே தூக்கி எறியற மாதிரி இருக்கு. என் கையால ஆகாதும்மா.”

அம்மாள் கோபிக்கவில்லை.

“குருவுக்குக் குழி வெட்டினது யாரு?”

“நான்தான்.”

“மண்ணு தள்ளினது?”

“அதுவும் நான்தான். வேற யாரையும் தொட விடல.”

“பிரியம் இல்லாமலா தள்ளினீங்க?”

நடேசலிங்கத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“என்னம்மா இப்படிக் கேக்கறீங்க! உயிர் போன உடம்பை வெளியவே வெச்சிருந்தா…”



அவர் கையிலிருந்த சருகைப் பார்த்தார். கண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

“மண்வெட்டி எடுத்துட்டு வரேம்மா,” என்றார்.