தேய்ந்த இரும்பு போன இடம்

கோயம்புத்தூர்ப் பஞ்சாலை முதலாளி கோவர்த்தனசாமியிடம் அவர் அப்பா காலத்துக் கார் ஒன்று இருந்தது. அதன் இன்ஜினில் கிராங்க் தண்டு தேய்ந்துபோனது. அதைச் சரிசெய்யத் தெரிந்தவர் ஊரில் ஒருவர்தான்: வேலைநிறுத்தம் செய்ததற்காக அதே ஆலையிலிருந்து விரட்டப்பட்டு, லேத் பட்டறை வைத்துப் பிழைத்த மருதாசலம்.

பங்களா வாசலில் கழற்றிப் போட்ட தண்டைச் சுற்றி விருந்தாளிகள் நிற்க, அவரை மடக்கும் எண்ணத்தில் முதலாளி சொன்னார்: "புது இரும்பு ஒரு பொட்டு சேரக்கூடாது. பழசுல ஒரு பொட்டுக் கடைஞ்சு எடுக்கக்கூடாது. ஆனாத் தண்டு பழைய அளவுக்கு வரோணும். முடியாட்டி உன் பட்டறை போர்டைக் கழட்டிரு."

"செஞ்சுபோடலாமுங்க. தேஞ்ச இரும்பைக் குடுங்க, அதையே ஒட்டிப்போடறேன்."

"தேஞ்சதை எவன்டா காட்ட முடியும்? ஓடுன வண்டி தேயத்தான் செய்யும்."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்க. உங்க ஆலையில வேலை செஞ்ச ஆறுக்குட்டி, பஞ்சுத் தூசியில நெஞ்சு தேஞ்சு நஷ்டஈடு கேட்டப்ப, என் ஆலையிலதான் தேஞ்சுதுன்னு காட்டுன்னீங்களே."

விருந்தாளி ஒருவர் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார். முதலாளி தண்டைக் காலால் தள்ளிவிட்டு, "எப்படியோ செய்" என்று உள்ளே போனார்.

மருதாசலம் வழக்கம்போல் புது இரும்பைப் பற்றவைத்து, அளவுக்குக் கடைந்து கொடுத்தார். கார் ஓடியது. ஊரே அவர் பதிலைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. ஆறுக்குட்டிக்காக அன்று நஷ்டஈட்டு விசாரணையில் பேசப் போனவர் அவர்தான். இருமிக்கொண்டே ஆறுக்குட்டி அவர் முகத்தைப் பார்த்தபோது, வாயில் ஒரு சொல்லும் வரவில்லை. அந்தச் சொல் ஒன்பது வருஷம் கழித்து இப்போது வந்திருக்கிறது. கேட்க ஆறுக்குட்டிதான் இல்லை.