யானை கேட்டது, கேட்கவில்லை

ரயில் இன்னும் வராத, ஆனால் துரைமார்கள் வந்துவிட்ட ஒரு காலத்தில், காரைமலைச் சீமையைத் திருமேனி ராஜா என்பவர் ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் மாதத்துக்கு ஒரு மோகம். சித்திரையில் புறா வளர்த்தார். வைகாசியில் மல்யுத்தம் பழகி இடுப்பைப் பிடித்துக்கொண்டார். ஆனியில் இங்கிலீஷ் படிக்க உட்கார்ந்தார்.

சொல்லிக்கொடுத்தவர் துபாஷி ரங்கசாயி. துரைமாருக்கும் அரண்மனைக்கும் நடுவே பேச்சை மாற்றிச் சொல்வது அவர் வேலை. சீமையிலேயே இங்கிலீஷ் தெரிந்தவர் தாம் ஒருவர்தான் என்பதில் ஏக மிதப்பு. மந்திரி உலகப்பரோ தமிழ் மட்டும் அறிந்தவர். அப்படியும் ராஜா எதற்கெடுத்தாலும் உலகப்பர் என்ன சொல்கிறார் என்றுதான் விசாரிப்பார். அது துபாஷிக்கு நெஞ்சில் முள்.

ஆடி மாதம், மலையடிவாரக் கோட்டையிலிருந்து பெம்பர்ட்டன் துரையின் கடிதம் வந்தது. மரம் இழுப்பதற்கு அரண்மனை யானை ஆவுடையைத் தமக்கே கொடுத்துவிட வேண்டுமாம். ராஜாவுக்கு மனசே வரவில்லை. ஆவுடையும் அவரும் ஒரே கட்டுக் கரும்பைப் பங்குபோட்டு வளர்ந்தவர்கள். ஆனால் முடியாது என்று துரையிடம் சொல்லத் துணிச்சல் இல்லை. உலகப்பர் இரண்டே வரியில் பதில் எழுதிக் கொடுத்தார்: 'தாங்கள் சொன்னதைக் கேட்டேன். ஆவுடை நலமாக இருக்கிறாள்.' ஒப்புதலும் இல்லை, மறுப்பும் இல்லை. கொஞ்ச நாள் ஓடும்.

அதை இங்கிலீஷில் தாமே எழுதுவதாக ராஜா பேனாவை எடுத்தார். 'கேட்டேன்' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. அதற்கு நாலு சொல் உண்டே என்று துபாஷி அடுக்கினார். ராஜா ஒவ்வொன்றாய் வாயில் போட்டுப் பார்த்தார்.

“ஹியர்... பெருமூச்சு விட்ட மாதிரி இருக்கிறது. ஆஸ்க், தும்மல். லிசன் என்றால் பூனையைக் கூப்பிடுகிற மாதிரி. ஒபே... ஓய், இதுதான் ஒரு ராஜா வாயில் வரவேண்டிய சொல்.”

துபாஷிக்கு வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஆனால் வாசகம் உலகப்பருடையது, கெட்டால் அவர் பெயர்தானே கெடும். ராஜாவின் ரசனையை மெச்சிவிட்டு, முத்திரைக்கு அரக்கு உருக்கப் போனார்.

நாலாம் நாள் துரையின் பதில் வந்தது. சொன்னபடி நடக்க ஒப்புக்கொண்டதற்கு நன்றி, வெள்ளிக்கிழமை நேரில் வந்து யானையை அழைத்துப் போகிறேன் என்றிருந்தது. துபாஷி அதைத் தமிழில் சொல்லச் சொல்ல ராஜாவின் முகம் கறுத்தது.

“அடியேன் என்ன செய்ய?” என்றார் துபாஷி. “இங்கிலீஷில் காரியத்துக்கு ஒரு சொல். மந்திரியார் எல்லாவற்றையும் ஒரே சொல்லில் மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டார்.”

ராஜா உலகப்பர் பக்கம் திரும்பினார். “வெள்ளிக்கிழமை ஆவுடை இந்த வாசலைத் தாண்டினால், நீரும் கூடவே போய் அவளுக்குத் தழை வெட்டும், மந்திரியாரே.”

உலகப்பர் பதறவில்லை. அந்த நாலு சொல்லுக்கும் பொருள் என்ன என்று துபாஷியிடம் சபையிலேயே விசாரித்தார். துபாஷி பெருமை பொங்க ஒப்பித்தார். காதில் விழுந்தால் ஹியர், காது கொடுத்தால் லிசன், வேண்டுமென்று நின்றால் ஆஸ்க், சொன்னபடி நடந்தால் ஒபே. துரைக்குத் தமிழ் வருமா என்பது உலகப்பரின் அடுத்த சந்தேகம். முன்ஷி வைத்து மூன்று வருஷமாகப் படிக்கிறார் என்றார்கள். உலகப்பர் வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை துரை வந்து இறங்கினார். யானையைத் தாராளமாக அழைத்துப் போகலாம், துரை தம் வாயாலேயே உத்தரவிடட்டும் என்று உலகப்பர் கைகூப்பினார். பாகனையும் ஒதுங்கி நிற்கச் சொன்னார்.

துரை தொப்பியைச் சரிசெய்துகொண்டு “கம்” என்றார். ஆவுடை காதை விசிறினாள். கொஞ்சம் உரக்கச் சொன்னார். கண்ணைச் சிமிட்டினாள். மூன்றாம் தடவை துரை போட்ட சத்தத்தில் அவருடைய குதிரையே இரண்டடி பின்வாங்கியது. ஆவுடை நின்ற இடத்தில் நின்றாள்.

“இது செவிடோ?” என்றார் துரை, தமிழில்.

“இல்லை துரையே. யானை கேட்டது. ஆனால் கேட்கவில்லை” என்றார் உலகப்பர்.

துரை புருவத்தைச் சுருக்கினார். சட்டைப்பையிலிருந்து சின்னக் குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். கூடவே ஒரு பிஸ்கோத்தும் எட்டிப் பார்த்தது. உடனே ஆவுடையின் துதிக்கை அவர் பையருகே வந்து வளைந்து நின்றது.

“இப்போது கேட்கிறது” என்றார் உலகப்பர்.

துரை சிரித்துவிட்டார். பிஸ்கோத்தைக் கொடுத்துவிட்டு எழுதத் தொடங்கினார். முதலாவது ஹியர். இரண்டாவது ஒபே. மூன்றாவது ஆஸ்க். எழுதி முடித்து, வாத்தியாரைப் பார்ப்பதுபோல மந்திரியைப் பார்த்தார்.

“மூன்றும் சரி” என்றார் உலகப்பர். “எங்கள் ராஜா தமிழில் சொன்னதும் இதே சொல்தான். அது இதில் எது என்று துரையே தீர்மானிக்க வேண்டும்.” தாம் எழுதிய வாசகத்தை நீட்டினார்.

துரை எழுத்துக் கூட்டிப் படித்தார். ஆவுடை நலமாக இருக்கிறாள் என்ற வரிக்கு வந்ததும் நிமிர்ந்தார். ராஜா கிரீடம் சாய்ந்தது தெரியாமல் யானையின் காலைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

“ஹியர்” என்றார் துரை மெதுவாக. தம்மிடமிருந்த கடிதத்தில் ஒபேயை அடித்து மேலே திருத்தி எழுதினார். எனக்கும் இந்தச் சொல் மூன்று வருஷமாகக் காலை வாருகிறது, மரம் இழுக்க எருமைக்கடா பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிக் குதிரை ஏறினார்.

ராஜா தம் தோளிலிருந்த சால்வையை எடுத்து உலகப்பருக்குப் போர்த்தினார். சொல்லைப் பாயசம்போல ருசி பார்த்தது தம் குற்றம்தான் என்று சபையில் ஒப்புக்கொண்டார். பிறகு துபாஷியை அழைத்தார்.

“நாலுக்கும் பொருள் தெரிந்து வைத்துக்கொண்டு வாயை மூடியிருந்தீரே. இனி ஒரு மாதம் ஆவுடையை நீர்தான் ஆற்றில் குளிப்பாட்டிக் கூட்டி வரவேண்டும். இங்கிலீஷில் மட்டும் பேசும்.”

மூன்று நாள் துபாஷி இடுப்பளவு தண்ணீரில் தலைப்பாகையோடு நின்றார். படுத்திருந்த ஆவுடையிடம் கெட் அப் என்றார், ரைஸ் என்றார், ஸ்டாண்ட் என்றார். எது பொருத்தமான சொல் என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. உச்சி வெயிலில் பாகன் வந்துதான் ஒவ்வொரு நாளும் அவளை எழுப்பிப் போனான். நாலாம் நாள் துபாஷி இரண்டு கரையையும் ஒருமுறை பார்த்தார். யாருமில்லை. யானையின் காதருகே குனிந்தார்.

“எழுந்திரு தாயே. எனக்குப் பசிக்கிறது.”

ஆவுடை எழுந்தாள்.