அழுக்கு, நாலு துண்டு

பனி இன்னும் விலகவில்லை. ஆறு ஓடுகிற இடத்தில் வெறும் வெண்மைதான் தெரிந்தது. அதற்குள்ளிருந்து சிற்சபேசன் மடத்துக்கு நடந்து வந்தார். தோளில் ஒரு தம்புரா, கக்கத்தில் ஒரு ஃபைல்.

பத்திரப் பதிவு ஆபீசில் முப்பத்தைந்து வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். மடத்தில் குருவைவிட வயதில் மூத்த சீடர் அவர் ஒருவர்தான்.

"சாமி, இதைச் செஞ்சது யாரு, எந்த வருஷம்னு தெரியணும். ஒருத்தர் நூறு வருஷம்ங்கிறார். இன்னொருத்தர் அறுபதுகூடத் தேறாதுங்கிறார்."

"மூலப்பத்திரம் கிடைக்கலையா?" என்றார் குரு.

சிற்சபேசன் சிரிக்கவில்லை.

"எங்க அம்மாவோடது. 'எங்க அப்பா தன் கையால எனக்குச் செஞ்சு கொடுத்தது'ம்பாங்க. ஒரு நாள் விருந்தாளிங்க முன்னாடி, 'அதுக்கு என்ன ஆதாரம்?'னு கேட்டுட்டேன். அப்புறம் அவங்க அந்தப் பேச்சையே எடுக்கலை. போய்ச் சேர்ந்து எட்டு மாசம் ஆச்சு. அவங்க சொன்னது பொய்யில்லைன்னு தெரிஞ்சாப் போதும் சாமி."

குரு தந்திகளை மீட்டினார். தகரத்தைத் தட்டினாற்போல் சத்தம் வந்தது.

"இதுக்கு என்ன ஆச்சு?"

"பேரோ முத்திரையோ இருக்கான்னு இண்டு இடுக்கெல்லாம் துடைச்சேன். அதுலேர்ந்து இப்படித்தான்."

"துடைச்சதுல என்ன கிடைச்சது?"

"பேரு ஒண்ணும் இல்லை. அழுக்குதான்."

"தூக்கிப் போட்டாச்சா?"

"நானா? ஒரு துண்டுச் சீட்டைக்கூடப் போட்டதில்லையே சாமி!"

ஃபைலிலிருந்து சின்ன உறை ஒன்றை எடுத்து நீட்டினார். மேலே மணிமணியான கையெழுத்தில், 'தந்திக்கு அடியில் இருந்த அழுக்கு, நாலு துண்டு' என்று எழுதியிருந்தது.

குரு உறையைக் கவிழ்த்தார். உள்ளங்கையில் நாலு நூல் விழுந்தது. கத்திரிப்பூ நிறம்.

"இந்த நிறத்துல அம்மாகிட்ட சேலை இருந்ததா?"

சிற்சபேசன் நூலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமைச் சேலை," என்றார் மெதுவாக. "முந்தானை ஓரம் பிரிஞ்சு பிரிஞ்சு கிடக்கும். ஏன்னு ஒரு நாளும் கேட்டதில்லை."

குரு ஒவ்வொரு தந்திக்கும் அடியில் ஒரு நூலைச் செருகினார். விரல் நுனியால் அதைக் கொஞ்சம் தள்ளினார், கொஞ்சம் இழுத்தார். பிறகு மீட்டினார்.

முதலில் ஒரு வண்டு வந்தது போல இருந்தது. அப்புறம் பனிக்குள் எங்கெங்கோ வண்டுகள். ஆறு மடத்துக்குள் வந்துவிட்டதா, மடம் ஆற்றுக்குள் போய்விட்டதா என்று தெரியவில்லை.

எழுதுவதற்காகத் திறந்த பேனா சிற்சபேசன் கையில் அப்படியே இருந்தது.

"சாமி... அப்போ, அம்மா சொன்னது நிஜந்தானா?"

குரு தம்புராவை அவர் மடியில் சாய்த்தார்.

"அவங்களையே கேளுங்க ஐயா. இப்பத்தானே மறுபடி பேச ஆரம்பிச்சிருக்காங்க."