பூசி முடியாத படகு

கொள்ளிடக் கரையில் சிறிய மடம் ஒன்று இருந்தது. அதை நடத்தியவர் உலகம்மை. நாற்பது வயதுகூட நிறையாத துறவி. அவருடைய சீடர் ஞானவரதனுக்கோ அறுபத்திரண்டு. பாலம் கட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். உலகம்மை இரண்டு முறை தீட்சை தர முன்வந்தும், "இன்னும் பக்குவம் வரலம்மா" என்று அவர்தான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார்.

ஆற்றின் நடுவே ஒரு திட்டு. அங்கே முப்பது குடும்பங்கள். போன வருஷம் வெள்ளத்தில் அங்கே ஒரு பெண் பிரசவ வலியில் துடித்து இறந்துபோனாள். திட்டிலிருந்து கூப்பிட்ட குரல் மடத்துக்குக் கேட்டது. போகத்தான் படகில்லை.

அன்று முழுக்க ஞானவரதன் சாப்பிடவில்லை. மறுநாள் இலுப்பைப் பலகை வாங்கக் கிளம்பிப் போனார்.

எட்டு மாதம் ஒற்றை ஆளாக உழைத்தார். இழைத்தார், வளைத்தார், மனசுக்குப் பிடிக்காததைப் பிரித்து மறுபடி அடித்தார். பலகை இடுக்குகளில் பஞ்சும் குங்கிலியமும் திணித்து அடைத்தார். ஆற்றில் இறக்கிச் சோதித்தபோது ஒரு சொட்டுக்கூட உள்ளே வரவில்லை. ஒரு காலத்தில் படகோட்டியே பிழைத்தவர்கள் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, இது அவருடைய முதல் படகு என்பதை நம்ப மறுத்தார்கள்.

பூச்சு மட்டும் பாக்கி. படகைக் கரையேற்றிக் காயவைத்து, பெயிண்டுக்கு அடியில் பூசும் சாம்பல் நிற பிரைமரை ஒரு கை அடித்தார். தூரிகைத் தடம் தெரிந்தது. உப்புத்தாளால் அத்தனையையும் தேய்த்து எடுத்தார். மறுபடி அடித்தார். ஓரிடத்தில் திரண்டு நின்றது. அதையும் தேய்த்தார். பச்சை பெயிண்ட் டப்பாக்கள் திறக்காமலே இருந்தன. மூன்று வாரம் போயிற்று. உலகம்மை தினமும் வந்து பார்த்துவிட்டுப் போவார்.

மேலே அணையைத் திறந்துவிட்டார்கள். ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது.

மூன்றாவது முறை பிரைமர் அடித்துக்கொண்டிருந்த உச்சிவேளையில், திட்டில் யாரோ சிவப்புத் துண்டை அசைத்தார்கள். அங்கே நிறைமாதமாக இருந்த செங்கமலத்துக்கு வலி கண்டுவிட்டது என்று குரல் வந்தது.

ஞானவரதன் படகைப் பார்த்தார். ஒரு பக்கம் காய்ந்திருந்தது. மறுபக்கம் தொட்டால் ஒட்டியது.

"இன்னும் நாலு நாள் கெடச்சிருந்தா முடிச்சிருப்பேன்" என்றார்.

உலகம்மை சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, ஈரம் காயாத பக்கத்தில் தோளைக் கொடுத்துத் தள்ளினார். வெள்ளைச் சேலையில் சாம்பல் நிறம் அப்பிக்கொண்டது. அதைப் பார்த்ததும் ஞானவரதன் தூரிகையை வீசிவிட்டு ஓடிவந்து மறுபக்கம் தள்ளினார்.

நேராகப் போனால் இழுவை திட்டைத் தாண்டிக் கொண்டுபோய்விடும் என்று அவருக்குத் தெரியும். முப்பது வருஷம் ஆற்று நீரோட்டத்தைக் கணக்கிட்டவர். கரையோரமாகவே மேல் நோக்கித் துடுப்புப் போட்டுப் போய், அங்கிருந்து குறுக்கே விட்டார். படகு திட்டின் துறையில் போய் முட்டி நின்றது. செங்கமலத்தை ஏற்றினார்கள். திரும்பும் வழியெல்லாம் அவள் படகின் விளிம்பை இரு கையாலும் இறுகப் பற்றியிருந்தாள். உலகம்மை அவள் தலையை மடியில் வைத்திருந்தார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது. பெண் குழந்தை. இருவரும் நலம்.

மறுநாள் காலை உலகம்மை ஆற்றங்கரைக்கு வந்தபோது ஞானவரதன் உப்புத்தாளும் கையுமாகப் படகருகே நின்றுகொண்டிருந்தார். விளிம்பின் பிரைமரில் செங்கமலத்தின் பத்து விரல்களும் பதிந்திருந்தன. அவருக்கு அதைத் தேய்க்கவும் மனசு வரவில்லை, விடவும் வரவில்லை.

"பக்குவமாகாத படகத் தண்ணில எறக்கிட்டேம்மா. அதான் உறுத்துது."

உலகம்மை அந்தத் தடங்களின் மேல் தன் விரல்களை வைத்துப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"ஏறும்போது அந்தப் பொண்ணு, படகு பக்குவமாயிடுச்சான்னு கேட்டுச்சா?"