ஒரு பிடி உமி

“ஒரு சொட்டுகூட இறங்க மாட்டேங்குதும்மா” என்றார் வேதரத்தினம்.

மலைப்பாதையின் கடைசி வீட்டு வாசல். ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய இரண்டு பெயின்ட் வாளிகளைக் கம்பளி சுற்றிச் சுமந்து வந்திருந்தார். உள்வாளியின் அடியில், ஆணியைக் காய்ச்சி அவரே குத்திய ஓட்டைகள். வெளிவாளியில் ஒரு குழாய். உள்ளே, வெந்நீரில் ஊறிய முளைகட்டிய பார்லி. அதன் இனிப்புச் சாறு வடிந்தால்தான் பியர்.

வடியவில்லை.

குரு லூர்துமேரி அவரைவிட இருபது வயது இளையவர். இதில் சீடருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. ஆனால் பியர் வடிக்கத் தெரிந்த ஞானிகள் அந்தப் பக்கம் அதிகம் இல்லை.

“குழாயை எவ்வளவு திறந்தீங்க ஐயா?”

“முழுசா.”

“அப்புறம்?”

“வாயை வச்சு உறிஞ்சினேன்.”

லூர்துமேரி சிரிப்பை அடக்கிக்கொண்டார். வாளியிலிருந்து ஒரு துளி எடுத்து விரல்களில் தேய்த்தார். அரைத்த சந்தனம் போலிருந்தது.

“எதுல அரைச்சீங்க?”

“மிக்ஸியில. நைசா. உமியைச் சலிச்சு எறிஞ்சுட்டேன். அது எதுக்கு, வெறும் தொல்லை?”

“யாருக்கு இவ்வளவு அவசரம்?”

“என் தம்பி சிங்காரத்துக்கு. பியர் உள்ளே போனாலாவது வாயைத் திறக்க மாட்டானான்னுதான். வருஷக்கணக்கா என்கிட்ட ‘ம்’ மட்டும்தான்.”

“முன்னாடி பேசுவாரா?”

“ஓயாம. மழை பெய்ஞ்சுது, பஸ்ஸுல எவனோ தோள்ல தூங்கி விழுந்தான், பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டுச்சு... நான் பத்திரிகையில ஊரான் செய்தியெல்லாம் சுருக்கியே காலம் தள்ளினவன். எனக்குப் பொறுக்குமா? ‘விஷயத்துக்கு வாடா’ம்பேன்.”

“வந்தாரா?”

வேதரத்தினம் கம்பளியின் நுனியைத் திருகினார்.

“ஒரு நாள் போன் பண்ணினான். மழையில ஆரம்பிச்சான். நான் வச்சுட்டேன். அம்மாவுக்கு முடியலைன்னு சொல்லத்தான் கூப்பிட்டிருக்கான்.”

“அப்புறம்?”

“மறுபடி கூப்பிட்டான். ‘அம்மா போயிட்டா.’ அவ்வளவுதான் சொன்னான்.”

கம்பளி நுனியை விட்டுவிட்டுச் சொன்னார்:

“அதுல சுருக்க ஒண்ணும் இல்லம்மா.”

லூர்துமேரி எழுந்து உள்ளே போனார். ஒரு முறம் நிறைய நெல் உமியுடன் வந்தார். பிடிபிடியாக வாளியில் போட்டு, அடிவரை கிளறினார்.

“இதுல என்ன ருசி இருக்கு?” என்று கேட்டார் வேதரத்தினம்.

“ஒண்ணும் கிடையாது.”

“சத்து?”

“அதுவும் கிடையாது.”

கிளறியது அடங்கும்வரை லூர்துமேரி காத்திருந்தார். பிறகு குழாயை மயிரிழை அளவு திறந்தார்.

ஒரு சொட்டு. நெடுநேரம் கழித்து இன்னொன்று. பிறகு நூல் போல, பொன்னிறத்தில், சாறு இறங்கத் தொடங்கியது.

வேதரத்தினம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முறத்தில் மிச்சமிருந்த உமியைக் கையில் அள்ளினார். கனமே இல்லை. மறு கையால் தம்பிக்குப் போன் போட்டார்.

“ம்” என்றான் சிங்காரம்.

“அங்க மழையாடா?”

வாளியின் கீழே சாறு சொட்டிக்கொண்டிருந்தது.

“விஷயத்துக்கு வாங்கண்ணே.”