துக்கம் தீர்க்கும் பொருள் வாங்கப் போன மந்திரி

முன்னொரு காலத்தில் கடலோரத்து முத்துப்பட்டினத்தை அதிவீரகண்டன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். மனம் குளிர்ந்தால் யானையைக் கொடுப்பான், கோபம் வந்தால் அதே யானையின் காலில் இடுவான். அவனுக்கு ஒரே மகள், செண்பகவடிவு. பதினொரு வயதில், மூன்றே நாள் காய்ச்சலில் அவள் கண்ணை மூடிவிட்டாள்.

அன்றுமுதல் ராஜா சபைக்கு வருவான், உட்காருவான், யார் முகத்தையும் பார்க்கமாட்டான். ஆறுதல் சொல்ல வந்த புலவரை ஊரைவிட்டுத் துரத்தினான். ஆறுதல் சொல்ல வராத புலவரையும் துரத்தினான். மருந்து கொடுத்த வைத்தியருக்கு மொட்டை அடித்து அனுப்பினான். மந்திரி அம்பலக்கூத்தர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவர் என்று பேர் எடுத்தவருக்கு இதற்கு மட்டும் பதில் கிடைக்கவில்லை.

மந்திரி பதவிமேல் பத்து வருஷமாகக் கண் வைத்திருந்த மருதப்ப ராயர் என்ற அரண்மனை அதிகாரிக்கு இதுதான் சமயம் என்று பட்டது. துறைமுகத்துப் பக்கம் ஆர்மீனியர் கடைத்தெரு ஒன்று இருந்தது. தூரத்து மலைநாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்கள், கையால் செய்த பொருளைத் தவிர வேறெதையும் விற்காதவர்கள். கல்யாணமோ காதுகுத்தோ, பரிசு வாங்க ஊரே அங்கேதான் போகும். அந்தத் தெருவில் அரசரின் துக்கத்தைத் தீர்க்கும் பொருளும் நிச்சயம் இருக்கும், அதைத் தேடி எடுக்கும் புத்தி நம் மந்திரியாருக்குத்தான் உண்டு என்று ராயர் சபையில் நைச்சியமாக எடுத்துச் சொன்னார்.

ராஜா முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தான்.

"எட்டு நாள் தருகிறேன், மந்திரியாரே. கொண்டுவந்தால் நீர் கேட்டதைத் தருவேன். இல்லாவிட்டால் நீரும் உம்முடைய வீட்டாரும் எல்லையைத் தாண்டிவிட வேண்டும்."

அப்படி ஒரு பொருள் உலகத்தில் இல்லை என்று அம்பலக்கூத்தருக்குத் தெரியும். அதை அந்த முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. வீட்டில் மனைவி பாத்திரங்களை மூட்டை கட்டத் தொடங்கினாள். இவர் வலிக்கிற முழங்காலை இழுத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினார்.

ஒரு கடையில் மாதுளம்பழ நிறத்தில் கம்பளம் விரித்துக் காட்டி, இதில் படுத்தால் குழந்தைபோலத் தூக்கம் வரும் என்றார்கள். இன்னொன்றில் வெள்ளி இடுப்புப்பட்டை, அடுத்ததில் பறவை வரைந்த மண்ஜாடி. எல்லாமே அழகுதான். ஆறாம் நாள் ஒரு கடைக்காரர், தங்கள் ஊர்ப் பழமரத்தில் கடைந்த குழலை எடுத்து ஊதினார். அம்பலக்கூத்தர் பாதியிலேயே வெளியே வந்து சுவரைப் பார்த்து நின்றார். சபை கலைந்ததும் தன்னிடம் ஓடிவந்து விடுகதை கேட்கும் செண்பகவடிவுக்காக அவர் அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை.

ஏழாம் நாள் தெருக்கோடியில் இருந்த கடைசிக் கடைக்குப் போனார். ஊசியாலேயே பூவேலை பின்னும் ஷூஷான் என்ற அம்மாளின் கடை அது. முப்பது வருஷமாக இந்த ஊர்க்காரி. அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டார். ஷூஷான் பின்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அப்படி ஒன்று என் கடைக்கு வந்திருந்தால் விற்றிருக்கமாட்டேன், ஐயா. நானே வைத்துக்கொண்டிருப்பேன்."

இந்த ஊருக்கு வரும் வழியில் கப்பலில் மகனைப் பறிகொடுத்தவர் அவர் என்பது மெல்ல மெல்லத் தெரியவந்தது. இதை அரசர் முன்னால் வந்து சொல்ல முடியுமா என்று மந்திரி கேட்டார். கேட்டால் சொல்கிறேன் என்றார் ஷூஷான்.

எட்டாம் நாள் மந்திரி வாயைத் திறப்பதற்குள் ராயர் முந்திக்கொண்டார். அதே தெருவில் தானும் ஒன்று வாங்கி வைத்திருந்தார். சிவப்புக்கல் பதித்த வெள்ளிப் பேழை.

"இதைக் கண்ணெதிரே வைத்திருந்தால் போதும், அரசே. ஒரே மாதத்தில் எல்லாம் மறந்துவிடும்."

"எல்லாம் என்றால் இளவரசியுமா?" என்று கேட்டார் அம்பலக்கூத்தர்.

ராயர் பேழையை மூடினார். அம்பலக்கூத்தர் விடவில்லை.

"ஆமாம் என்றால், அரசர் தாம் பெற்ற மகளை மறக்க வேண்டும் என்பது உம்முடைய விருப்பம். இல்லை என்றால், இந்தப் பேழையைப் பற்றி இப்போது சொன்னது பொய். எது என்று நீரே சொல்லிவிடும்."

"பதில் சொல்லும், ராயரே" என்றான் ராஜா, மிகவும் மெல்ல.

விற்றவன் சொன்னதைத்தான் சொன்னேன் என்று ராயர் உளறினார்.

"இன்றோடு உமக்கு இங்கே வேலையில்லை. பேழையை எடுத்துக்கொண்டு போம். துக்கம் தீர்க்கிற பொருளாயிற்றே, இனி உமக்குத்தான் வேண்டியிருக்கும்."

வேறு நாளாக இருந்தால் சபை சிரித்திருக்கும். அன்று யாரும் சிரிக்கவில்லை. நீர் என்ன கொண்டுவந்தீர் என்று ராஜா மந்திரி பக்கம் திரும்பினான்.

"ஒன்றும் இல்லை, அரசே. தெரு முழுக்கத் தேடினேன், கிடைக்கவில்லை. கிடைக்காது என்று அறிந்த ஒருவரை அழைத்துவந்திருக்கிறேன்."

ஷூஷான் முன்னால் வந்து, கடையில் சொன்னதையே சொன்னார். மகன் போய் எத்தனை காலம் என்று ராஜா கேட்டான். முப்பது வருஷம் என்றார்.

"இன்னுமா தீரவில்லை?"

"தீரவில்லை, மகாராஜா. ஆனாலும் காலையில் எழுந்து கடையைத் திறந்துவிடுகிறேன்."

ராஜா கோபப்படவில்லை. உண்மையைக் கொண்டுவந்ததற்கு என்ன வேண்டும் என்று மந்திரியைக் கேட்டான். அரசர் ஒருமுறை அந்தத் தெருவுக்கு என்னோடு நடந்து வர வேண்டும், அது போதும் என்றார் அவர்.

மறுநாள் காலை குடையும் கொம்பும் இல்லாமல் இருவரும் போனார்கள். தெருவே எழுந்து நின்றது. ராஜா நேராகத் தெருக்கோடிக்கு நடந்தான். அம்பலக்கூத்தர் வாசலிலேயே நின்றுகொண்டார். உள்ளே ராஜா, கையில் கட்டுகிற ஒரு பின்னல் பட்டையைத் தொட்டு, இதுபோல ஒன்று வேண்டும் என்றான்.

"யாருக்கு?"

"என் மகளுக்கு."

செத்துப்போன பிள்ளைக்கு எதற்கு என்று ஷூஷான் கேட்கவில்லை. மணிக்கட்டு எவ்வளவு இருக்கும் என்று மட்டும் கேட்டார். ராஜா கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்துக் காட்டினான். அந்த வளையத்துக்குள் அவர் நூலை விட்டு அளவெடுத்தார். நூலை நறுக்கி எடுத்த பிறகும் அந்த விரல்கள் பிரியவில்லை.